ஊர்ப்பெயரும் ஆட்பெயரும்: சகோதர நகரங்களின் வரலாறு சேலத்தாருக்குச் சொல்வது

சேலம் என்னும் பெயர் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையில் ஒரு சேலம் இருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் தலைநகரும் சேலமே. அவ்வூர்களின் பெயர், அமைதியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வழி வந்தது. நாம் நாள்தோறும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் 'ஸலாம்' என்ற அரபுச் சொல்லும் அதே வேரில் கிளைத்தது. நமது சேலத்தின் பெயரோ இம்மண்ணுக்குரியது. சேரர் பெயரோடும், மலையைக் குறிக்கும் 'சைலம்' என்ற சொல்லோடும் அதனை இணைத்து அறிஞர்கள் விளக்கம் தருவர். எனவே இப்பெயர்கள் ஒலியால் ஒன்றாயினவேயன்றிப் பிறப்பால் ஒன்றல்ல.

நாம் வாழும் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தொலைபேசிக் குரலுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் பலர் உளர். அவர்களிடையே, "அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறதே, இரண்டையும் சகோதர நகரங்களாக்கினால் என்ன?" என்ற பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. கேட்பதற்கு இனிய எண்ணம்தான். ஆயினும், ஓர் ஊரும் மற்றோர் ஊரும் உடன்பிறப்பு ஆவது எதனால்? பெயர் ஒன்றாயிருப்பதாலா, இரு மேயர்கள் ஒரு தாளில் கையொப்பமிடுவதாலா, அன்றி வேறொன்றாலா? இவ்வினாவுக்கு விடை காண வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

சகோதர நகரம் என்னும் ஏற்பாடு

பெயர் ஒற்றுமையால் உறவு பூண்ட ஊர்களுக்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரம், தன் பெயருக்கு மூலமான ஸ்பெயின் நாட்டு டொலிடோவுடன் 1931இல் உறவு கொண்டது. ஸ்பெயினின் டொலிடோ இஸ்லாமிய வரலாற்றில் 'துலைத்துலா' எனப் புகழ்பெற்ற நகரம். 1085இல் அது கிறித்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் கைக்கு மாறிய பின்னரும், அரபு நூல்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட அறிவுச் சந்தையாக நெடுங்காலம் விளங்கியது. அந்தப் பழம்பெயரைச் சுமந்த அமெரிக்க நகரமே 2010இல் நம் அண்டை நகரான கோயம்புத்தூரையும் தன் சகோதர நகரமாக ஏற்றது என்பது கொங்கு நாட்டார் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஆனால், நகர உறவு என்னும் கருத்து உலகம் முழுவதும் பரவியதற்குக் காரணம் பெயர் ஒற்றுமையன்று, துயர ஒற்றுமை. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராட் நகரம் அதனினும் பன்மடங்கு அழிவைக் கண்டது. தம் துயரைத் தாமே அறிந்த கவென்ட்ரிப் பெண்கள் 830 பேர், ஒரு மேசைவிரிப்பில் தத்தம் பெயரைப் பூத்தையலாகத் தைத்து, ஆளுக்கு ஆறு பென்னி வீதம் திரட்டிய பணத்துடன் ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினர். 1944இல் இரு நகரங்களும் முறைப்படி உறவு பூண்டன. ஸ்டாலின்கிராட் பின்னாளில் வோல்கோகிராட் எனப் பெயர் மாறியது. அங்குள்ள போர் அருங்காட்சியகத்தில் அந்த விரிப்பு காக்கப்பட்டு வந்துள்ளது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பெண்கள் அனுப்பியது 'கவென்ட்ரி மக்கள்' என்னும் பொதுப்பெயரையன்று; 830 தனிப்பெயர்களை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வீடு, ஓர் அடுப்பு, போர்முனைக்குச் சென்ற ஒரு மகன் இருந்திருக்கக் கூடும். பெறுவோர் அப்பெயர்களை விரலால் தடவிப் பார்க்க இயன்றது.

1956 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டி, மக்களோடு மக்கள் நேரடியாக உறவாடும் இயக்கத்தைத் தொடங்கினார். அரசுகள் செய்ய இயலாததைக் குடிமக்கள் செய்யக்கூடும் என்பதே அதன் கருத்து. சகோதர நகரத் திட்டம் அவ்வியக்கத்தின் ஒரு கிளையாக வளர்ந்தது. சென்னையும் இவ்வழியில் பனிப்போரின் இரு தரப்போடும் உறவு கொண்டது. 1960களில் வோல்கோகிராடோடும், 1984இல் அமெரிக்காவின் டென்வர் நகரோடும் அது கைகோத்தது. 2008இல் சான் அன்டோனியோவும் அவ்வரிசையில் சேர்ந்தது.

இவையனைத்தும் பெருநகரங்களின் செய்திகள். ஒரு சிற்றூர் தன்னளவில் கடல் கடந்த உறவுகளைப் பேண இயலுமா என்பதே அடுத்த வினா. அதற்கு விடை காண நாம் மேலை நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. நமது மாவட்டத்தின் ஆற்றைப் பின்தொடர்ந்து கடற்கரைக்குச் சென்றாலே போதும்.

நாகூரின் உடன்பிறப்புகள்

ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. உள்நாட்டுச் சமவெளியான நமக்குக் கடற்கதவாக விளங்கிய துறைகளுள் அதுவும் ஒன்று. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கு நிறுவிய இரும்பாலைக்குச் சேலத்து இரும்புத்தாது பயன்பட்டது. பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் ஆகிய அத்துறைகளிலிருந்தே மரைக்காயர் முதலிய தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய் நாடுகளுக்கும் சுமத்திராவுக்கும் பாயேற்றிச் சென்றனர். அங்குள்ளோர் அவர்களைச் 'சூலியர்' என அழைத்தனர்.

பினாங்குத் தீவில் 1786இல் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட், 1794இல் எழுதிய அறிக்கையில், அங்குத் தங்கிய சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் என்றும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்து உழைத்தும் வணிகம் செய்தும் திரும்புவோர் 1,300 முதல் 2,000 பேர் வரை என்றும் குறித்துள்ளார். இன்றும் ஜார்ஜ் டவுனில் 'சூலியா தெரு' உண்டு. 1801இல் காதர் முஹ்யித்தீன் மரைக்காயர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவிலேயே நாகூர் ஆண்டகையின் நினைவிடமும் இருக்கின்றன.

சிங்கப்பூரில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் எழுந்தது. தெலுக் ஆயர் கடற்கரையில் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா கட்டப்பட்டது. அதே தெருவில் சில ஆண்டுகள் கழித்துச் சீனக் கடலோடிகள் தம் கடல்தெய்வத்துக்கு ஒரு கோயில் எழுப்பினர். கடலைக் கடந்து உயிரோடு கரையேறியவர்களின் நன்றி இரு வேறு நெறிகளில் ஒரே தெருவில் நிலைபெற்றது. சிங்கப்பூர் அரசு 1974இல் தர்காவைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாகத் திகழ்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையிலும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேற்றம் நிகழ்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து மறைந்தவர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை. அவர் அடங்கிய ஊர் பெரிய நகரமன்று. ஆயினும் அச்சிற்றூருக்குப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கல்முனையிலும் உடன்பிறப்புகள் உண்டு. அவற்றை இணைக்க எந்த மன்னரும் உடன்படிக்கை எழுதவில்லை. நாகூரின் உறவு ஒரு சமயத்தாரோடு நின்றதுமில்லை. அங்குள்ள மினாராக்களுள் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரியின்போது கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும். அதனைக் காணப் பல சமயத்தாரும் கூடுவர்.

இவ்வுறவைத் தாங்கிய கப்பல்களும் ஒவ்வொன்றாக நின்றன. நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் பல்லாண்டுகள் ஓடிய 'ரஜூலா' 1973இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்திற்கு வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அப்பயணிகள் வழியே முடிந்தது. கப்பல் நின்றும் கொடியேற்றம் நிற்கவில்லை. இன்னார் மகன், இன்னார் பேரன் என்று அறியும் மரபு இருபுறத்துக் குடும்பங்களிலும் நீடித்தமையே அதற்குக் காரணம் எனலாம்.

மற்றொரு சேலத்தில் ஒரு சென்னைவாசி

இனி, பெயர் ஒன்றாயிருந்தும் ஆட்பெயர் அறியப்படாத ஒரு சந்திப்பைக் காண்போம். 1790 டிசம்பர் இறுதியில் மாசசூசெட்ஸ் சேலத்தின் சமயகுருவான வில்லியம் பென்ட்லி, இந்தியாவிலிருந்து வந்த ஒருவரைத் தாம் முதன்முதலாகக் கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். வந்தவர் சென்னையைச் சேர்ந்தவர். கிபோ என்னும் கப்பல் தலைவரோடு வந்திருந்தார். அவருடைய கருநிறத்தையும் நீண்ட கூந்தலையும் உயரத்தையும் பென்ட்லி பதிவு செய்தார். பெயரைப் பதிவு செய்யவில்லை. அமெரிக்க மண்ணில் இந்தியர் ஒருவர் காணப்பட்டதற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இக்குறிப்பு கருதப்படுகிறது. அவர் இந்துவா, முஸ்லிமா, கப்பல் ஊழியரா, வணிகரா என்பதற்கு அதில் விடையில்லை.

அந்நாளில் நம் சேலம் யாருடையது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நிலங்களோடுதான் சேலமும் பாராமகாலும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தன. ஒரு சேலத்தில் பீரங்கி வண்டிகள் செல்லும் காலத்தில், மற்றொரு சேலத்தின் பனித்தெருவில் பெயர் தெரியாத தமிழகத்தார் ஒருவர் நடந்துகொண்டிருந்தார்.

அந்தச் சேலம் விரைவிலேயே கீழைக் கடல்களின் வணிகத்தால் செழித்தது. ஜோனதன் கார்ன்ஸ் என்னும் தலைவர் 'ராஜா' என்ற கப்பலில் 1797இல் சுமத்திராவிலிருந்து மிளகைக் கொண்டுவந்து பெரும் பொருள் ஈட்டினார். 1799இல் கடலோடிகள் கூடி 'கிழக்கிந்தியக் கடல்சார் சங்கம்' ஒன்றை நிறுவினர். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றிச் சென்ற கப்பல் தலைவர்களும் சரக்குப் பொறுப்பாளர்களுமே அதன் உறுப்பினராகலாம். அவர்கள் திரட்டி வந்த அரும்பொருள்களே இன்றைய பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் தொடக்கம். பொருள்கள் பேணப்பட்டன, அவற்றைச் செய்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் உடன்வரவில்லை.

குவாலா பத்து

வணிகம் மட்டுமே உறவாகிவிட்டால் என்ன நேரும் என்பதை ஆச்சே கரையின் குவாலா பத்து துறை காட்டுகிறது. அங்கு மிளகு நிறுப்பதில் அமெரிக்கக் கப்பல்காரரும் உள்ளூரார் சிலரும் ஒருவரையொருவர் ஏமாற்றி வந்ததை வரலாற்றாசிரியர் குறிப்பர். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கெனத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. கிறித்தவ மறையும் பொய்த் தராசை வெறுக்கிறது. இருசாராரும் தத்தம் மறையை அறிந்தவர்களே.

1831 பிப்ரவரி 7ஆம் நாள், சேலத்தைச் சேர்ந்த கப்பலின் தலைவர் சார்லஸ் எண்டிகாட் கரையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது, கப்பலில் ஏறியோர் அதனைத் தாக்கிக் கைப்பற்றினர். முதல் துணைத்தலைவர் சார்லஸ் நைட்டும் வேறு இரு மாலுமிகளும் கொல்லப்பட்டனர். அக்கப்பலின் பெயர் 'ஃபிரெண்ட்ஷிப்'. தமிழில் சொன்னால் 'நட்பு'.

எண்டிகாட்டைக் காத்தவர் போ ஆதம் என்னும் ஆச்சே நாட்டுத் தலைவர். முன்பே அமெரிக்கரோடு பழகியிருந்த அவர், எண்டிகாட்டுக்குத் துணைநின்று, அருகிலிருந்த வேறு அமெரிக்கக் கப்பல்களை அடையச் செய்தார். அவற்றின் உதவியால் கப்பல் மீட்கப்பட்டது. அதற்கு விலையாகப் போ ஆதம் தம்மவரின் சினத்துக்கு ஆளாகி உடைமைகளை இழந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதனை ஓர் அரிய நட்பின் கதையாகக் கூறி முடிக்கலாம். ஆனால் அமெரிக்க அரசு 'பொட்டோமாக்' என்னும் போர்க்கப்பலை ஜான் டவுன்ஸ் தலைமையில் அனுப்பியது. 1832 பிப்ரவரி 6ஆம் நாள் அவருடைய படை குவாலா பத்துவைத் தாக்கித் தீக்கிரையாக்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்டிரும் அவர்களுள் அடங்குவர். டவுன்ஸின் செயல் அவர் நாட்டிலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

இங்கேதான் நம் பொருள் தெளிவாகிறது. சார்லஸ் நைட்டின் பெயர் நமக்குத் தெரியும். குவாலா பத்துவில் மாண்ட நூற்றுவருள் நமக்குப் பெயர் தெரிந்தோர் எத்தனை பேர்? பெயரறிந்த ஒருவனைக் காக்க ஒரு மனிதன் தன் உடைமையையும் இழக்கத் துணிகிறான். பெயரறியாத நூற்றுவரைக் கொல்லும் படைக்கு அவர்கள் 'அவ்வூரார்' மட்டுமே. 1839இல் மாசசூசெட்ஸ் சேலம் தனக்கென ஒரு நகர முத்திரையை ஏற்றபோது, அதில் கீழை நாட்டு உடையணிந்த ஒருவரையும் பனை இன மரத்தையும் கப்பலையும் பொறித்தது. கீழ்த்திசைச் செல்வத்தின் கடைக்கோடித் துறைவரை என்னும் கருத்தமைந்த லத்தீன் வாசகத்தையும் சேர்த்தது. குவாலா பத்து எரிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே நகரம் பெயரின் அருமையைத் தன் வரலாற்றிலிருந்தே பின்னர் உணர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1692இல் சூனியக் குற்றம் சாட்டி அங்குப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கற்பாரத்தால் நசுக்கப்பட்டார். முந்நூறு ஆண்டுகள் கழித்து 1992இல் எழுப்பிய நினைவிடத்தில் இருபது கல்லிருக்கைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயரைச் செதுக்கினர். அமைதியைப் பெயராகக் கொண்ட ஊர் தன் பிழையை ஒப்புக்கொண்ட வழி அது.

அலையும் போரும்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆச்சேக்கு அப்பாலான கடலடியில் எழுந்த பேரலை, பழைய மிளகுக் கரையையும் நம் சோழமண்டலக் கரையையும் ஒரே காலைப்பொழுதில் தாக்கியது. ஆச்சேயில் 1,60,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், சுற்றியிருந்த மீனவக் குப்பங்களின் இந்து மக்களுக்கு உணவளித்து இடமளித்தனர். யாருடைய ஆணைக்கும் காத்திராமல் அவர்கள் எழுந்ததற்குக் காரணம், தினமும் மீன் வாங்கியும் விற்றும் அறிந்த முகங்களே அங்கு அழுதுகொண்டிருந்தன என்பதுதான்.

மறுபுறம், முறைப்படியான உறவுகள் எவ்வளவு மெல்லியவை என்பதையும் நம் காலமே காட்டியது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததைத் தொடர்ந்து, 2022 மார்ச்சில் கவென்ட்ரி நகரமன்றம் வோல்கோகிராடுடனான உறவை இடைநிறுத்தியது. அம்முடிவு சரியா தவறா என்பது நம் ஆய்வுக்கு உரியதன்று. அதற்கு அறம் சார்ந்த காரணங்கள் உண்டு. நாம் காண வேண்டியது வேறு. ஒரு மன்றத்தின் தீர்மானம் எழுதியதை இன்னொரு தீர்மானம் நிறுத்தி வைக்கலாம். 830 பெயர்கள் தைக்கப்பட்ட துணியை எந்தத் தீர்மானமும் பிரித்தெடுக்க இயலாது. என்றேனும் அவ்விரு ஊர்களும் மீண்டும் பேசத் தொடங்கினால், அத்துணியிலிருந்தே தொடங்கும் என நாம் எண்ணுகிறோம்.

நமது கடமை

மீண்டும் நம் சேலத்துக்கு வருவோம். நமக்கு வெளியுலகத் தொடர்பு புதிதன்று. ஏமன் நாட்டுத் துறைகளிலிருந்து உலகறிந்த காபி, 1820களில் மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் முயற்சியால் சேர்வராயன் மலையில் வேரூன்றியது. நம் தறித்துணியும் வெள்ளிக் கொலுசும் நாம் காணாத ஊர்களை அடைகின்றன. பொருள்கள் வழி தெரிந்து சென்று சேர்கின்றன. மனிதர்தாம் ஒருவரையொருவர் அறியாதிருக்கின்றனர்.

ஆகவே சகோதர நகரம் வேண்டுமென விரும்புவோர் முதலில் ஒப்பந்தம் தேடிப் புறப்பட வேண்டுவதில்லை. மூன்று செயல்களை இங்கேயே, செலவின்றித் தொடங்கலாம். ஒன்று, இவ்வூரிலிருந்து மலாயா, பர்மா, இலங்கை, வளைகுடா, அமெரிக்கா சென்றவர்களின் பெயர்களைத் தெருவாரியாகத் தொகுத்தல். சென்ற ஆண்டு, செய்த தொழில், திரும்பாதோர் அடங்கிய இடம் ஆகியவற்றை முதியோர் நினைவிலிருக்கும்போதே எழுதி வைத்தல். பள்ளிவாசல் பதிவேடுகளும் திருமண ஏடுகளும் இதற்குப் பெரிதும் உதவும். கோயில், தேவாலய ஏடுகளும் அவ்வாறே. இரண்டு, வட மாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரின் கட்டுமானங்களிலும் உணவகங்களிலும் உழைப்போரின் பெயரையும் ஊரையும் கேட்டறிதல். பென்ட்லி செய்யத் தவறியதை நாமும் தவறவிடுவது முறையாகாது. மூன்று, நம் பள்ளி மாணவர் மற்றொரு சேலத்துப் பள்ளி மாணவருக்குத் தம் பெயரெழுதிக் கடிதம் அனுப்புதல்.

இதற்குப் பின்னர் மாநகராட்சிகள் கையொப்பமிட்டால் நன்று, இடாவிடினும் குறையில்லை. நாகூருக்கு யாரும் கையொப்பமிடவில்லை. 1790இன் குளிர்காலத்தில் அந்தச் சேலத்தில் நடந்த நம் நாட்டாரின் பெயரை இனி நாம் அறியப்போவதில்லை. இன்று அங்கு நடந்துகொண்டிருக்கும் நம் பிள்ளைகளின் பெயரும், இங்கு வந்து நடந்துகொண்டிருக்கும் பிறர் பிள்ளைகளின் பெயரும் அவ்வாறு தொலைந்துவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.